பாலைவனத்தில் புதைபடிவத் தேடல்: ட்ரோன் எதைச் செய்யும், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

2026 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் ஸ்பைனோசாரஸ் மிராபிலிஸ் என்ற புதிய டைனோசர் இனம் அறிவிக்கப்பட்டது. நைஜர் நாட்டின் சஹாராப் பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பால் செரினோ தலைமையிலான குழு கண்டெடுத்தது. தலையில் வாள் வளைவில் நீண்ட கொண்டை இருந்ததால் படங்கள் வேகமாகப் பரவின. கூடவே ஒரு துணுக்குச் செய்தியும் வந்தது: கிடைத்த எலும்புகளை முப்பரிமாண மாதிரிகளாக்கி, பாலைவன முகாமிலேயே, சூரிய மின்சாரத்தில் ஓடிய மடிக்கணினியில் மண்டையோட்டைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்த பலருக்கும் எழுந்த எண்ணம் ஒன்றுதான். இனி ட்ரோன் பறந்து எலும்பைக் கண்டுபிடிக்கும், சோலார் பேனல் எல்லாவற்றையும் ஓட்டும், ஆய்வாளர் கூடாரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். அந்த எலும்புக் களத்துக்குக் குழுவை மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் அழைத்துச் சென்றவர் உள்ளூர் துவாரெக் மனிதர் ஒருவர் என்பதும் அதே செய்தியில்தான் இருந்தது. அது அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை.

ட்ரோனும் சோலாரும் களப்பணியை மாற்றியிருப்பது உண்மை. ஆனால் மாறிய இடம் வேறு. எல்லையை வகுப்பது கேமராவின் திறமை அல்ல, ஒரு நாளில் கைக்கு வரும் வாட்-மணிக் கணக்கு. பறக்கும் உயரம், படங்களின் எண்ணிக்கை, பேட்டரி, பேனல் எல்லாம் ஒரே சங்கிலியில் கோத்தவை. அந்தச் சங்கிலியை அடியிலிருந்து பார்க்கலாம்.

தேடல் எப்படி நடக்கிறது

புதைபடிவம் தேடுவது என்றால் மண்ணைத் தோண்டுவது என்று பொதுவாக நினைக்கிறோம். தோண்டுவது கடைசிக் கட்டம். முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: பாறை சரியான வயதுடையதா, உயிர் எச்சங்கள் தங்கக்கூடிய படிவுப் பாறையா, அது வெளியே தெரிகிறதா. முதல் இரண்டுக்கும் புவியியல் வரைபடம் பதில் சொல்லும். மூன்றாவதற்கு நேரில்தான் போக வேண்டும். மணல் மேடு மூடியிருந்தால் கீழே எத்தனை டைனோசர் கிடந்தாலும் பயனில்லை. காற்றும் மழையும் அரித்துத் திறந்துவிட்ட ஓடைக் கரைகளும் சரிவுகளும்தான் தேடும் இடங்கள்.

அங்கே போய் ஆட்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடப்பார்கள். தரையில் எலும்புச் சில்லு தெரிந்தால் அது உருண்டு வந்த திசையில் மேலே ஏறிப் போய், எந்த அடுக்கிலிருந்து உதிர்கிறது என்று பார்ப்பார்கள். நூறாண்டுகளாக முறை இதுதான். நைஜரில் கடௌஃபௌவா, மங்கோலியாவில் பயன்சாக் என்கிற தீக்குன்றுகள், கென்யாவில் துர்கானா ஏரியின் கிழக்குக் கரை எல்லாவற்றிலும் இப்படித்தான் நடந்தார்கள், இன்றும் நடக்கிறார்கள்.

நடைக்கு முன்னால் ஒரு நல்ல வரைபடம் இருந்தால் பாதி நடை மிச்சம். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஒரு வீடு அளவுள்ள பாறை முகப்பு அதில் ஒற்றைப் புள்ளி. இந்த இடைவெளியில்தான் ட்ரோன் வந்து உட்கார்கிறது: செயற்கைக்கோளின் 10 மீட்டருக்கும் மனிதக் கண்ணின் மில்லிமீட்டருக்கும் நடுவில்.

ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டர்?

ட்ரோன் படத்தில் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு நீளத்தை அடைக்கிறது என்பதே முதல் எண். தரைப் பிக்சல் அளவு என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: பறக்கும் உயரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தையும் படத்தின் அகலப் பிக்சல்களையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

நில அளவையில் நெடுநாள் புழங்கும் பாண்டம் 4 ப்ரோ என்ற ட்ரோனை எடுத்துக்கொள்வோம். பழைய மாடல்தான், ஆனால் மெக்கானிக்கல் ஷட்டர் இருப்பதால் ஓடிக்கொண்டே எடுத்தாலும் படம் கோணாது. சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத்தூரம் 8.8 மி.மீ., படம் 5472 × 3648 பிக்சல்.

1. 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் 2.7 செ.மீ. ஒரு படம் அடைக்கும் தரை 150 × 100 மீட்டர்.
2. 30 மீட்டரில் ஒரு பிக்சல் 0.82 செ.மீ. ஒரு படம் 45 × 30 மீட்டர்.
3. 10 மீட்டரில் ஒரு பிக்சல் 2.7 மி.மீ. ஒரு படம் 15 × 10 மீட்டர்.

ஒரு பொருளைப் பொருள் என்று அடையாளம் காண அதன் குறுக்கே சுமார் 10 பிக்சலாவது விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் கல்லா எலும்பா என்று சொல்ல முடியாது, வெளிறிய புள்ளி ஒன்று தெரியும், அவ்வளவுதான். ஆக 100 மீட்டரிலிருந்து 27 செ.மீ. அகலமுள்ள பொருள்தான் பிடிபடும். பெரிய தாவர உண்ணியின் தொடை எலும்பு முழுசாக வெளியே கிடந்தால் தெரியலாம். 2 செ.மீ. அகலமுள்ள ஸ்பைனோசாரஸ் பல்லுக்கு 10 மீட்டர் உயரம்கூடப் போதாது. துர்கானாவில் தேடும் மனித மூதாதையர் பல் ஒன்றரைச் சென்டிமீட்டர்கூட இராது. அதற்கு ட்ரோன் ஐந்து மீட்டருக்கும் கீழே வர வேண்டும். அந்த உயரத்தில் இறக்கைக் காற்று கிளப்பும் புழுதியே படத்தை மறைத்துவிடும்.

துர்கானாப் பகுதியில் தரைக்கு மிக அருகில் எடுத்த படங்களை இணையத்தில் போட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு தேட வைத்த 'ஃபாசில் ஃபைண்டர்' திட்டம் 2015இல் வந்தது. அத்தனை கண்கள் வேண்டியிருந்தன என்பதே வேலையின் அளவைக் காட்டும். சில்லு எலும்பைத் தேட ட்ரோன் வாங்குபவர் பணத்தை வீணாக்குகிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

உயரத்தைக் குறைத்தால் பேட்டரி கரையும்

படங்களை ஒட்டி வரைபடமோ முப்பரிமாண மாதிரியோ ஆக்குவதற்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர். தரையின் ஒவ்வொரு புள்ளியும் பல படங்களில், பல கோணங்களில் விழுந்திருந்தால்தான் மென்பொருள் அதன் உயரத்தைக் கணிக்க முடியும். அதனால் அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், பக்கத்துப் பறப்புக் கோடுகள் 70 சதவீதம் பொருந்த வேண்டும். இதை வைத்து ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால்:

1. 100 மீட்டரில் கோடுகளுக்கு நடுவே 45 மீட்டர், படங்களுக்கு நடுவே 20 மீட்டர். மொத்தம் சுமார் 1,100 படம், 22 கிலோமீட்டர் பறப்பு. இரண்டு வினாடிக்கு ஒரு படம் என்றால் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். திரும்பும் நேரத்தையும் சேர்த்து 45 நிமிடம்.
2. 30 மீட்டரில் இடைவெளிகள் 13.5 மீட்டர், 6 மீட்டர். சுமார் 12,300 படம், 74 கிலோமீட்டர். வேகம் வினாடிக்கு 3 மீட்டர்தான் போக முடியும். ஏழரை மணி நேரம்.
3. 10 மீட்டரில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் படம். இதை யாரும் செய்வதில்லை.

உயரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் படங்கள் சுமார் பத்து மடங்கு, நேரமும் பத்து மடங்கு. மெதுவாகப் போவதால் மின்சாரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். நாலு இறக்கை ட்ரோன் நின்ற இடத்தில் மிதந்தாலும் தன் எடையைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கிறது, செலவு கிட்டத்தட்ட அதேதான்.

பேட்டரி ஒன்று 89 வாட்-மணி. பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று, திரும்பி வரும் தூரம், கால்வாசி கையிருப்பு எல்லாம் போக 20 நிமிடம் என்று திட்டமிடுவதே களத்து வழக்கம். 100 மீட்டர் வேலைக்கு மூன்று பேட்டரி. 30 மீட்டர் வேலைக்கு இருபத்து மூன்று. ஆறு பேட்டரி கொண்டு போன குழுவுக்கு முதலாவது ஒரு காலை நேரம், இரண்டாவது நாலு நாள்.

அதனால் இரண்டு கட்டமாகப் பறப்பார்கள்

முதல் கட்டம் 100 மீட்டரில். எலும்பு தேடும் பறப்பு இல்லை இது, நடையைக் குறைக்கும் பறப்பு. அதிலிருந்து நிறமும் சரிவும் உள்ள வரைபடம் கிடைக்கும்: எந்த அடுக்கு எங்கே வெளியே வருகிறது, எங்கே மணல் மூடியிருக்கிறது, வண்டி எந்த ஓடை வழியாக ஏறும், எந்தச் சரிவு புதிதாக அரிக்கப்பட்டது என்று பார்க்கலாம். ஏற்கெனவே ஒரு எலும்பு கிடைத்த அடுக்கை இந்த மாதிரியில் தொடர்ந்து போனால், அதே மட்டம் மறு கரையில் எங்கே வரும் என்று ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். ட்ரோன் தரும் மிகப் பெரிய லாபம் இதுதான். பத்தில் ஏழு பங்கு நிலத்தை நடக்காமலே தள்ளிவிடலாம் என்றால் அது தண்ணீரும் மிச்சம், ஆள் நாளும் மிச்சம்.

இரண்டாம் கட்டம், தேர்ந்த சில திட்டுகளில் மட்டும் 30 மீட்டரிலோ அதற்குக் கீழோ. ஒரு ஹெக்டேருக்கு 30 மீட்டரில் சுமார் 125 படம், ஐந்து நிமிட வேலை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ட்ரோன் உயரத்தைப் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடும், கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. 20 மீட்டர் குன்று நடுவில் வந்தால் 30 மீட்டர் பறப்பு அங்கே 10 மீட்டர் ஆகிவிடும்; படங்களின் பொருத்தம் அறுந்து, மாதிரியில் குன்றின் உச்சி ஓட்டையாக வரும். மோசமாகப் போனால் மோதும். முதல் கட்டத்தில் கிடைத்த உயர வரைபடத்தைத் திட்டமிடும் செயலியில் ஏற்றி, தரையைத் தொடர்ந்து ஏறி இறங்கும்படி பாதை போட வேண்டும். முதல் கட்டத்தைத் தவிர்க்கக்கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

இடக் குறிப்பும் முக்கியம். ட்ரோனில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், உயரத்தில் இன்னும் அதிகம். நிலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை, மூலைக்கு ஒன்று நடுவில் ஒன்று என்று குறைந்தது ஐந்து வைத்து, துல்லிய ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) கருவியால் அளக்க வேண்டும். நகரத்தில் இதற்குத் திருத்தச் சமிக்ஞை இணையத்தில் வரும். நைஜரின் தெனேரே பாலைவனத்தில் வராது. முகாமில் சொந்தமாக ஒரு நிலையக் கருவியை நிறுத்தி, நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் பதிவு செய்து, ஊர் திரும்பியதும் செயற்கைக்கோள் பாதைத் தரவைக் கொண்டு திருத்திக்கொள்வார்கள். பலகை வைக்காமல் நேர்க்கீழாக மட்டும் எடுத்தால் சமதரையே மாதிரியில் கிண்ணம்போலக் குழிந்தோ மேடாக உப்பியோ வரும். லென்ஸின் வளைவைக் கணக்கிடுவதில் வரும் பிழை அது. கேமராவைச் சற்றுச் சாய்த்து ஒரு சுற்றுக் கூடுதலாக எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மணல் மேட்டில் போட்டோகிராமெட்ரி திணறும். ஒரே மாதிரியான வெற்று மணலில் மென்பொருள் பிடித்துக்கொள்ளப் புள்ளி கிடைக்காது. உச்சி வெயிலில் இன்னும் மோசம்.

வெயிலிலிருந்து பேட்டரிவரை

இனி மின்சாரம். ஒரு சிறிய முகாமின் ஒரு நாள் தேவையை வாட்-மணியில் எழுதுவோம்.

1. ட்ரோன் பேட்டரி ஆறு, ஒவ்வொன்றிலும் கால்வாசி மிச்சம் வைத்து இறக்கினால்: 400
2. ரிமோட், டேப்லெட்: 50
3. படங்களை ஒட்டும் மடிக்கணினி, 130 வாட் வீதம் மூன்று மணி நேரம்: 390
4. ஜிஎன்எஸ்எஸ் கருவிகள்: 40
5. சிறிய செயற்கைக்கோள் இணையக் கருவி, 40 வாட்டில் இரண்டு மணி நேரம்: 80
6. கேமரா, வாக்கி டாக்கி, கைபேசி, தலைவிளக்கு: 140

மொத்தம் 1,100 வாட்-மணி, ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். வீட்டுக் கணக்கில் சொற்பம். பாலைவனத்தில் அப்படியில்லை.

பேனலிலிருந்து ட்ரோன் பேட்டரி போய்ச் சேர நாலு வாசல் உண்டு: சார்ஜ் கன்ட்ரோலர், சேமிப்புப் பேட்டரி, இன்வர்ட்டர், ட்ரோன் சார்ஜர். ஒவ்வொன்றும் 5 முதல் 12 சதவீதம் வரி பிடிக்கும். கடைசியில் கைக்கு வருவது 72 சதவீதம். எனவே பேனல் தர வேண்டியது 1,530 வாட்-மணி.

200 வாட் பேனல் 200 வாட் தராது. அந்த எண், செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. பாலைவன வெயிலில் செல்லின் வெப்பம் 65, 70 டிகிரி ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும். அதில் 17 சதவீதம் போச்சு. மேலே படியும் புழுதிக்கு 10 சதவீதம் தள்ளுங்கள். நாளொன்றுக்கு முழு வெயிலுக்குச் சமமான நேரம் 6 மணி என்றால், பேனலின் ஒவ்வொரு வாட்டும் நாளுக்குச் சுமார் 4.5 வாட்-மணி தரும். 1,530-ஐ 4.5-ஆல் வகுத்தால் 340 வாட். 200 வாட் பேனல் இரண்டு போதும்.

பேனலைத் தரையில் படுக்கப் போடக்கூடாது. நைஜரின் அகடெஸ் நகரம் வடக்கு அட்சம் 17 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில் உச்சிச் சூரியன் தெற்கே 50 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும். பேனலைத் தெற்குப் பார்க்க 35, 40 டிகிரி சாய்த்து, அடியில் காற்றுப் போக இடம் விட்டால் சூடும் குறையும், புழுதியும் குறைவாகப் படியும். கூடாரக் கயிற்றின் நிழல் ஒன்று குறுக்கே விழுந்தாலும் தொடராக இணைத்த செல் வரிசை முழுதும் படுத்துவிடும். காலை வேளையில் பேனலைத் துடைக்கும் வேலையை ஒருவர் பெயரில் எழுதிவைக்காவிட்டால் யாரும் துடைக்க மாட்டார்கள்.

நேரப் பொருத்தமும் பார்க்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் காலையில்தான் ட்ரோன் பறக்கும். பேனல் முழு வீச்சில் தருவது நடுப்பகலில். பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற 5 முதல் 40 டிகிரிதான் அனுமதி. அதற்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜர் விளக்கு எரியும், ஏறாது. துர்கானாவின் பிற்பகலில் நிழலிலேயே 40 டிகிரி நெருங்கும். மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் செப்டம்பர் இரவுகளில் நேர்மாறாக உறைநிலைக்கும் கீழே போகும். ஆகவே பகலில் பேனல் சேமிப்புப் பேட்டரியை நிரப்ப, இரவு எட்டு மணிக்கு மேல் அதிலிருந்து ட்ரோன் பேட்டரிகளுக்கு ஏற்றுவதுதான் வழி. நேரடியாகப் பேனலிலிருந்து ட்ரோனுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று சேமிப்புப் பேட்டரி இல்லாமல் கிளம்பிய திட்டங்கள் இந்த இடத்தில்தான் இடறும்.

எவ்வளவு சேமிப்பு? இரவில் எடுக்க 1.4 யூனிட், புழுதி மூடிய ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 2.56 யூனிட் பிடிக்கும், எடை 25 கிலோவுக்குள். இதையே ஈய-அமில பேட்டரியில் செய்தால் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்பதால் 100 கிலோவைத் தாண்டும். ஆனாலும் பல முகாம்களில் ஈய-அமிலம்தான் இருக்கிறது. காரணம் விமான விதி. ஒன்று 100 வாட்-மணிக்குக் கீழ் உள்ள லித்தியம் பேட்டரியைத்தான் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டு போகலாம்; 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. ட்ரோன் பேட்டரிகள் 89-இல் நிற்பது தற்செயல் அல்ல. பெரிய சேமிப்புப் பேட்டரியைச் சில மாதம் முன்பே கப்பலில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கிடைப்பதை வாங்க வேண்டும். லாரி பேட்டரி கிடைக்காத ஊர் இல்லை.

ஜெனரேட்டர் போதாதா?

நியாயமான கேள்வி. 1922இல் தொடங்கி அமெரிக்க ஆய்வாளர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு கோபியில் கார்களில் சுற்றியபோது, பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஒட்டகக் கூட்டம் முன்னதாகவே போய்க் குறித்த இடத்தில் காத்திருந்தது. எரிபொருள்தான் பயணத்தின் நீளத்தை முடிவுசெய்தது. இன்றும் வண்டிக்கு அது பொருந்தும்.

முகாம் மின்சாரத்துக்குப் பொருந்தாது. சிறிய ஜெனரேட்டர் நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டரில் மேலே சொன்ன தேவையைத் தீர்த்துவிடும். ஆறு வாரத்துக்கு 60 லிட்டர். மணலில் திணறும் ஒரு ஜீப் முந்நூறு கிலோமீட்டரில் அதைக் குடித்துவிடும். சோலார் வைத்ததால் எரிபொருள் மிச்சம், சுற்றுச்சூழல் காப்பு என்று பேசுவது இந்த அளவில் வெறும் அலங்காரம்.

சோலாரின் உண்மையான பயன் வேறு: அசையும் பாகம் இல்லை. கார்புரேட்டரில் மணல் போய் ஜெனரேட்டர் நின்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெக்கானிக் இல்லை. இரண்டு பேனலில் ஒன்று உடைந்தால் பாதி மின்சாரமாவது இருக்கும். இரவு முழுக்கச் சத்தமில்லாமல் சார்ஜ் ஏற்றலாம். விவரமறிந்தவர்கள் இரண்டையும் கொண்டு போவார்கள். சஹாராப் புழுதியைச் சுமந்து வரும் ஹர்மட்டான் காற்று இரண்டு மூன்று நாள் சூரியனை வெண்கலத் தட்டாக்கிவிடும் சமயத்துக்கு ஜெனரேட்டர். தேடலுக்கு ஏற்ற குளிர்காலமும் ஹர்மட்டான் பருவமும் ஒன்றாகவே வருவதால் இது அபூர்வமான நிலைமை அல்ல. பாறை வெட்டும் ரம்பம், துளைக் கருவி போன்றவை சோலார் கணக்கில் சேராதவை, அவற்றுக்கும் பெட்ரோல்தான்.

எது கெடும், ஏன்

1. மணல். புறப்படும்போதும் இறங்கும்போதும் இறக்கைக் காற்று கிளப்பும் துகள் மோட்டார் தாங்கியிலும் கேமராவைத் தாங்கும் கிம்பலிலும் ஏறும். கிம்பல்தான் முதலில் போகும். தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும், அல்லது கையால் பிடித்து இறக்க வேண்டும்.
2. வண்டியின் கூரையிலிருந்து ஏற்றுவது மணலுக்கு நல்ல தீர்வாகத் தோன்றும். இரும்புக் கூரை திசைகாட்டியைக் குழப்பி, ஏறியதும் ட்ரோன் வட்டமடித்து ஓடும். பாறையில் இரும்புத் தாது அதிகமிருந்தாலும் இதே தொல்லை.
3. மூடிய வண்டி. உள்ளே 60 டிகிரி தாண்டும். பேட்டரிகளைத் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே நிழலில் வைப்பார்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பறக்கவிடக் கூடாது.
4. மென்பொருள். இணையம் இல்லாத இடத்தில் ட்ரோன் செயலி 'மறுபடி உள்நுழையவும்' என்றோ 'அப்டேட் செய்யவும்' என்றோ மறித்தால் அன்றைய பறப்பு முடிந்தது. புறப்படுமுன் எல்லா அப்டேட்டும் முடித்து, வரைபடத்தை இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் ஒரு முழு ஒத்திகை பார்க்க வேண்டும்.
5. வெளிச்சம். சாய்ந்த வெயில் கண்ணுக்கு மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும். ஆனால் பறப்பு நீண்டால் நிழல் நகர்ந்துவிடும், முதல் பேட்டரியில் எடுத்த படமும் கடைசிப் பேட்டரியில் எடுத்த படமும் ஒட்டாது. ஒரு திட்டை ஒரே மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.
6. தரவு. 12,300 படம் என்பது 100 ஜிபிக்கும் மேல். செயற்கைக்கோள் இணையத்தில் அனுப்ப ஆசைப்படக்கூடாது. இரண்டு வட்டில் நகலெடுத்து இரண்டு வண்டியில் பிரித்து வைக்க வேண்டும். முகாமில் குறைந்த தரத்தில் ஒட்டிப் பார்ப்பது ஓட்டை இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டுமே; முழுத் தரத்தில் ஒட்டும் வேலை ஊரில்.

குழியைப் படமெடுப்பது

எலும்பு கிடைத்த பிறகு இன்னொரு வேலை தொடங்குகிறது. எலும்புகள் எந்தத் திசையில் கிடந்தன, எது எதன்மேல் இருந்தது என்பது ஆற்று வெள்ளம் அடித்து வந்ததா, செத்த இடத்திலேயே மக்கியதா என்று சொல்லும். முன்பு கயிற்றுக் கட்டம் போட்டுக் கையால் வரைந்தார்கள். இப்போது 30 × 30 மீட்டர் குழிக்கு 10 மீட்டரிலிருந்து நூறு படமும், சாய்வாக இன்னொரு நூறும் எடுத்தால் அளவோடு கூடிய மாதிரி வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கு அகற்றியதும் திரும்ப எடுக்க வேண்டும். சிறிய குழிக்கு ட்ரோன் வேண்டாம். நீண்ட கழியில் கேமராவைக் கட்டுவதே மேல், ஏனென்றால் ட்ரோன் காற்று இப்போதுதான் துடைத்து வைத்த எலும்பின்மேல் மணலை வாரி இறைக்கும்.

காலடித் தடங்களுக்கு இது இன்னும் பொருந்தும். தடத்தைப் பெயர்த்து எடுத்துவர முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டாம்பியர் தீபகற்பத்தில் கடலோரப் பாறையில் உள்ள டைனோசர் தடங்கள் கடல் நீர் வடியும் சில மணி நேரம்தான் வெளியே தெரியும். அங்கே ட்ரோனும் லேசர் ஸ்கேனரும் கொண்டு செய்த ஆவணப் பணி 2017இல் வெளிவந்தது.

ஆவணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். அரியலூர்ப் பகுதியில் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் ஈரக் களிமண்ணில் ஊறியிருந்த அந்த எலும்புகள் பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே உதிர்ந்துபோயின. சில படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம். அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்றுகூடச் சந்தேகம் கிளம்பியது. பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகத்தை அபத்தம் என்று ஒதுக்கவும் முடியாது. அளவுகோலோடு எடுத்த இருநூறு படங்கள் அன்று இருந்திருந்தால் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். அரியலூரில் சோலார் முகாம் தேவையில்லை, ஊரில் மின்சாரம் இருக்கிறது. ட்ரோன் தேவை இருக்கிறது: மழையும் சிமெண்டுச் சுரங்கங்களும் அங்கே நிலத்தை வேகமாக மாற்றுகின்றன.

தானே கண்டுபிடிக்கும் ட்ரோன் வருமா?

இரண்டு முயற்சிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கணினிக்குப் பழக்கி நல்ல களங்களைக் கணிக்க வைப்பது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிரேட் டிவைட் படுகையில் அனிமோன், எமர்சன், கான்ராய் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே புதைபடிவம் கிடைத்த இடங்களின் செயற்கைக்கோள் நிறப் பட்டைகளைப் பயிற்சிக்குத் தந்து, அதேபோன்ற இடங்களைத் தேடியது. இடத்தைத்தான் சொல்லும், எலும்பை அல்ல.

மற்றொன்று தாமஸ் கேயும் மைக்கேல் பிட்மனும் 2020இல் வெளியிட்டது. எலும்பில் உள்ள கனிமங்கள் சில லேசர் ஒளியில் மின்னும். ட்ரோனில் லேசரைப் பொருத்தி இரவில் பறக்கவிட்டு, மின்னும் புள்ளிகளைப் பதிவுசெய்து, மறுநாள் அங்கே நடந்து போய்ப் பார்க்கும் முறை. கொள்கை நல்லது. ஆனால் தரைக்கு நெருக்கமாக, மெதுவாகப் பறக்க வேண்டும் என்பதால் மேலே பார்த்த பேட்டரிக் கணக்கு அப்படியே வந்து நிற்கும். சில தாதுக்களும் பாசிகளும்கூட மின்னும் என்பதால் நேரில் போய்ப் பார்க்கும் வேலை தீராது.

அனுமதி: பலரும் கடைசியில் யோசிப்பது

ட்ரோன் பல நாடுகளில் கேமரா அல்ல, பாதுகாப்பு விவகாரம். ஸ்பைனோசாரஸ் எலும்புகளுக்குப் பேர்போன கெம் கெம் பாறைகள் உள்ள மொராக்கோவில் 2015 முதல் அனுமதியில்லாமல் ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது. விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். எகிப்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் தேவை. சஹாராவின் தெற்கு விளிம்பில் உள்ள சாகேல் நாடுகளில் மேலே பறக்கும் ட்ரோன் யாருடையது என்று ராணுவமும் ஆயுதக் குழுக்களும் ஒரே மாதிரி கேட்பார்கள். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். மண்டல வரைபடத்தை 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை மூன்று. அகழ்வு அனுமதிக் கடிதத்தில் ட்ரோனின் மாடலும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும், 'படமெடுக்கும் கருவிகள்' என்ற பொதுச் சொல் சுங்கத்தில் செல்லாது. அந்தக் கடிதத்தின் நகல் உள்ளூர் நிர்வாகத்தின் மொழியில் கையில் இருக்க வேண்டும். பறப்பதற்கு முதல் நாள் அக்கம்பக்க ஆட்டு, ஒட்டக மேய்ப்பர்களிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்: சத்தத்துக்கு மந்தை கலைந்தால் அதைத் தேடி அலையப்போவது அவர்கள். பெரிய எலும்பு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள்.